உங்கள் கரையின் சாதாரண நாளுக்குப் பலகை வாங்குங்கள்

கோவளம், மாமல்லபுரம், புதுச்சேரி, மணப்பாடு, இராமேஸ்வரம் கரைகளில் கடலில் இறங்கும் தம்பி தங்கையருக்கு,



உங்களில் பலர் இப்போது ஒரே கேள்வியோடு வருகிறீர்கள். "அண்ணா, விங் ஃபாயில் ஆரம்பிக்கணும். சர்ஃப் போர்டும் மாத்தணும். எதெது வாங்கலாம்?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒன்று புரிந்தது. இதை எல்லோருமாகச் சேர்ந்து முடிவெடுத்தால்தான் காசும் மிஞ்சும், விளையாட்டும் வளரும். அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன்.

ஒரு விங் ஃபாயில் செட்டை முழுதாக இறக்கினால் சில லட்சம் ரூபாய் ஆகிவிடுகிறது. அந்தக் காசு எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். சுற்றுலா வருபவர்களுக்கு வகுப்பெடுத்து, கடன் வாங்கி, சில வீடுகளில் படகு எஞ்சினுக்காக வைத்திருந்ததையும் எடுத்துச் சேர்த்த காசு அது. வாங்கியது நம் கடலுக்குச் சரிப்படவில்லை என்றால் பலகை கூரைக்கடியில் தூங்கும், கடன் மட்டும் விழித்திருக்கும். அப்படி ஒருவருக்கும் ஆகக்கூடாது.

நான் சொல்லவருவது ஒன்றுதான்: உங்கள் கரை ஆண்டில் அதிக நாள் எப்படி இருக்கிறதோ, அந்த நாளுக்கான பலகையை வாங்குங்கள். வீடியோவில் பார்த்த நாளுக்கு வாங்காதீர்கள். ஹவாய்த் தீவுகளில் ஒன்றான மவுயியின் கரையில் ஒருவர் 25 நாட் காற்றில் நாலரை அடிப் பலகையில் பறப்பதைப் பார்க்கிறோம். அந்தப் பலகை அவருக்குச் சரி, ஏனென்றால் அவருடைய கரையில் வணிகக் காற்று அப்படி வீசுகிறது. நம் வீட்டுப் பெரியவர்கள் நெத்திலி வலையை எடுத்துக்கொண்டு வஞ்சிரத்துக்குப் போவதில்லை. எந்தப் பருவத்தில் எந்த மீன் எங்கே ஓடும் என்று பார்த்துத்தான் வலைக்கே காசு போடுகிறார்கள். பலகைக்கும் அதே புத்தி போதும்.

அப்படியானால் முதலில் கடலைப் பார்ப்போம்.

சென்னைக்கும் புதுச்சேரிக்கும் நடுவிலுள்ள கரையில், பங்குனியிலிருந்து ஆவணி வரை ஒரு நாள் எப்படிப் போகும் என்பது உங்களுக்கு மனப்பாடம். விடியும்போது தரையிலிருந்து கடலை நோக்கி மெல்லிய காற்று. அலையின் முகம் வழவழவென்று இருக்கும். இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எழும் அலைவீச்சு இலங்கைக்குக் கிழக்கே ஏறி நம்மிடம் வந்து சேர்கிறது. பெரும்பாலான காலைகளில் அது முழங்காலுக்கும் இடுப்புக்கும் நடுவே, நல்ல நாளில் மார்பு வரை. உச்சிவேளைக்குப் பிறகு கடற்காற்று ஏறும். அலை கலைந்துவிடும், சர்ஃப் முடிந்துவிடும். அந்தக் காற்று பெரும்பாலும் 10 முதல் 15 நாட். அதாவது மணிக்கு ஏறக்குறைய 18 முதல் 28 கிலோமீட்டர். காலையில் சர்ஃப், மாலையில் விங் என்று ஒரே நாளில் இரண்டையும் கொடுக்கும் கரை இது. ஆனால் அலையும் சின்னது, காற்றும் மிதமானது. இந்த இரண்டு சொல்லையும் நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் கடைக்குள் நுழைய வேண்டும்.

இராமேஸ்வரம் வேறு கதை. தென்திசை அலைவீச்சை இலங்கைத் தீவு பெருமளவு மறைத்து நிற்பதால் பாக் விரிகுடாப் பக்கம் சர்ஃப் பண்ண அலையே இல்லை என்று சொல்லலாம். காற்றோ தாராளம். வைகாசியிலிருந்து புரட்டாசி வரை தெற்கு, தென்மேற்குப் பக்கமிருந்தும், மார்கழியிலிருந்து மாசி வரை வடகிழக்கிலிருந்தும் நின்று வீசும். தண்ணீரோ வெகுதூரம் கால் ஊன்றி நடக்கும் ஆழம்தான். கோவளத்துப் பிள்ளைக்கும் பாம்பன் பிள்ளைக்கும் ஒரே பட்டியல் எப்படிப் பொருந்தும்?

இப்போது பலகைகளுக்கு வருகிறேன். முதலில் சர்ஃப்.

சர்ஃப் போர்டை நீளம் அடியிலும், அகலமும் தடிமனும் அங்குலத்திலும், கொள்ளளவு லிட்டரிலும் சொல்கிறோம். நம் ஊரில் நீளத்தை மட்டும் கேட்டு வாங்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. கொள்ளளவைக் கேளுங்கள். நன்றாகத் தேர்ந்த ஒருவருக்குக் குட்டைப் பலகையில் உடல் எடைக் கிலோவில் ஏறத்தாழ 0.4 பங்கு லிட்டர் போதும். 65 கிலோ என்றால் 26 லிட்டர். புதிதாகக் கற்பவருக்கு எடைக்குச் சமமாகவோ அதற்கும் மேலாகவோ வேண்டும். 26 லிட்டர் பலகை வேகமும் உயரமும் உள்ள அலையில்தான் உயிர்பெறும். முழங்கால் உயர அலையில் அது மூழ்கி நிற்கும், நீங்கள் கைவலிக்கத் துழாவுவீர்கள்.

அதனால் நம் கரைக்கு நான் சொல்லும் வரிசை இது. முதலாவது, எட்டு அடி சாஃப்ட் போர்டு. வகுப்புக்கும் இதுதான், நெரிசலான நாளுக்கும் இதுதான். இடித்தாலும் மண்டை உடையாது. இரண்டாவது, ஒன்பது அடி லாங்போர்டு. இதைச் சுற்றுலாக்காரர் பலகை என்று ஒதுக்கும் தம்பிகளைப் பார்க்கிறேன். ஆண்டில் அதிக நாள் சின்ன அலை வரும் கரையில், லாங்போர்டு ஓட்டத் தெரிந்தவனுக்குத்தான் அதிக நாள் கடல் கிடைக்கும். அதன் மூக்குவரை நடந்து போய்த் திரும்பும் கால்வேலையைக் கற்றுக்கொண்டால் வாழ்நாள் முழுக்க அது கூட வரும். மூன்றாவது, ஃபிஷ் அல்லது ஏழு அடி மிட்லெங்த், இரண்டில் ஒன்று. 65 கிலோ ஆளுக்கு ஃபிஷ் 32 முதல் 35 லிட்டர், மிட்லெங்த் 42 முதல் 48 லிட்டர். இடுப்பிலிருந்து மார்புவரை வரும் அலைக்கு இவை போதும். மூன்று ஃபின் கொண்ட குட்டைப் பலகையை நாலாவதாக வையுங்கள். போட்டிக்குப் போகிறவர்களுக்கு அது அவசியம். 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் நடந்த ஆசிய அலைச்சறுக்குப் போட்டியில் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றதைக் கரையில் நின்று பார்த்த பிள்ளைகளுக்கு அந்தக் கனவு இருக்கத்தான் செய்யும், இருக்கவும் வேண்டும். ஆனால் அது நல்ல அலைவீச்சு வரும் சில நாட்களுக்கான பலகை. வீட்டில் முதல் பலகையாக அது இருக்கக்கூடாது.

இந்தப் பலகைகள் பிறந்த விதத்தைப் பார்த்தாலும் இதே பாடம்தான். 1967-ல் சான் டியேகோவில் ஸ்டீவ் லிஸ் என்ற இளைஞர், முழங்காலிட்டு அலையேறுவதற்காகத் தன் கரையின் அலைக்கேற்பக் குட்டையாக, அகலமாக, வால் பிளந்த ஒரு பலகையைச் செதுக்கினார். அதுதான் ஃபிஷ். ஆஸ்திரேலியாவின் சைமன் ஆண்டர்சன் பெரிய உடம்புக்காரர். அன்று ஓடிய இரண்டு ஃபின் பலகை அவர் காலுக்குக் கீழே வழுக்கிக்கொண்டு போனது. மூன்றாவது ஃபின் ஒன்றைச் சேர்த்து, அந்தப் பலகையிலேயே 1981-ல் பெல்ஸ் கடற்கரைப் போட்டியை வென்றார். இன்று உலகமே ஓட்டும் த்ரஸ்டர் அதுதான். தன் உடம்பையும் தன் அலையையும் பார்த்து வேலை செய்தவர்கள்தான் மற்றவர்களுக்கும் பயன்படும் பலகையைக் கண்டுபிடித்தார்கள்.

இனி விங் ஃபாயில். கையில் பிடிப்பது விங், தண்ணீருக்கடியில் இருப்பது ஃபாயில். 2019 வாக்கில்தான் காற்றடைத்த விங்குகள் கடைக்கு வந்தன. விளையாட்டு இளசு என்பதால் ஒவ்வோர் ஆண்டும் பலகையின் உருவம் மாறுகிறது. போன ஆண்டின் பலகை பாதி விலைக்குக் கிடைப்பதும் அதனால்தான். இந்த வேகத்தைக் கண்டு மிரளத் தேவையில்லை. சில கணக்குகள் மாறாதவை. அவற்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

முதல் கணக்கு மிதப்பது. ஒரு லிட்டர் கொள்ளளவு கடல்நீரில் 1.025 கிலோவைத் தாங்கும். நீங்கள் 65 கிலோ. பலகை, ஃபாயில், விங் எல்லாம் சேர்ந்து 13 கிலோ என்று வையுங்கள். மொத்தம் 78 கிலோ. அதை மூழ்காமல் வைக்க 76 லிட்டர் வேண்டும். இது அசையாத தண்ணீருக்கான கணக்கு. மாலைக் கடற்காற்றில் கலங்கிய நீரில், காலும் பழகாத நிலையில் நிற்க இது போதாது. கற்பவருக்கு எடையோடு 35 லிட்டர் சேர்த்துக்கொள்ளுங்கள்: 65 கிலோவுக்கு 100 லிட்டர். கொஞ்சம் தேறியபின் எடையோடு 10, 15 லிட்டர். எடையைவிட 20 லிட்டர் குறைந்த பலகை தண்ணீருக்குள் அமிழ்ந்தே கிடக்கும். காற்று இழுத்தால்தான் மேலே வரும். 10 நாட் காற்றில் அதை எடுத்துப் போனவர் நீந்தித்தான் திரும்ப வேண்டும்.

இரண்டாவது கணக்கு எழுவது. தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தி. அதனால்தான் தட்டு அளவே உள்ள ஃபாயிலின் முன்சிறகு ஒரு ஆளைத் தூக்குகிறது. தூக்கும் விசை சிறகின் பரப்போடும், வேகத்தின் இருபடியோடும் கூடும். 1,500 சதுர செ.மீ. பரப்புள்ள முன்சிறகு மணிக்கு 14 கிலோமீட்டர் வேகத்திலேயே 80 கிலோவுக்கு மேல் தூக்கிவிடும். 800 சதுர செ.மீ. சிறகு அதே எடையைத் தூக்க மணிக்கு 20 கிலோமீட்டர் வேண்டும். இந்த ஆறு கிலோமீட்டர் வித்தியாசம்தான் நம் கடற்காற்றில் பறப்பதற்கும் பறக்காமல் அலைவதற்கும் உள்ள வித்தியாசம். ஆகவே கோவளம், புதுச்சேரிப் பக்கத்துத் தம்பிகள் பலகையின் பளபளப்பைப் பார்த்து மயங்காமல், முன்சிறகின் பரப்பை முதலில் கேளுங்கள். கற்கும்போது 1,500 முதல் 1,800. தேறியபின் 1,000 முதல் 1,300. இராமேஸ்வரத்தில் 20 நாட் காற்றில் ஓடுபவர்களுக்கு 800, 900 போதும். கையிலிருக்கும் விங்கும் அப்படித்தான்: 65 கிலோ ஆளுக்கு முதலில் 5 சதுர மீட்டர், பிறகு நம் கடற்காற்றுக்கு 6, இராமேஸ்வரக் காற்றுக்கு 4.

மூன்றாவது கணக்கு நீளமும் அகலமும். முதல் பலகை ஐந்தரை முதல் ஆறு அடி, 26 முதல் 30 அங்குல அகலம் இருந்தால் நிற்கப் பழகலாம். அடுத்த பலகைக்கு, நம் கரையில் இருப்பவர்கள் நேராக மிட்லெங்த் விங் பலகைக்குப் போய்விடுங்கள்: ஆறு முதல் ஆறரை அடி நீளம், 20 முதல் 22 அங்குல அகலம். நீண்டு மெலிந்த உடல் தண்ணீரில் குறைந்த தள்ளுதலிலேயே வேகம் பிடிக்கும். 11, 12 நாட் காற்றில் அகலமான குட்டைப் பலகை தண்ணீரை மோதிக்கொண்டு நிற்கும்போது இது கிளம்பிவிடும். பக்கவாட்டில் ஆடும், முதல் சில நாள் விழுவீர்கள், பழகிவிடும். இராமேஸ்வரக்காரர்களுக்கு இது அவ்வளவு தேவையில்லை; காற்று நின்று வீசும் இடத்தில் ஐந்தடிச் சிறு பலகை திரும்பவும் குதிக்கவும் வசதி.

பலகையையும் சிறகையும் இணைக்கும் தண்டுதான் மாஸ்ட். அதன் நீளத்தையும் கரைதான் சொல்ல வேண்டும். பொதுவாக 75 முதல் 85 செ.மீ. மாஸ்ட் நல்லது, அலையின் ஏற்ற இறக்கத்தில் சிறகு வெளியே வராது. ஆனால் பாக் விரிகுடாவின் ஆழமில்லாத நீரில் அது மணலில் குத்தி உங்களை முன்னால் தூக்கி எறியும். அங்கே ஒரு 60 செ.மீ. மாஸ்ட் கையில் இருக்கட்டும். கடல்புல் படர்ந்த இடத்தில் ஓட்டவே வேண்டாம். அந்தப் புல்லை மேய்ந்துதான் கடற்பசு வாழ்கிறது. தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரைகளை ஒட்டி 448 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பைத் தமிழக அரசு 2022-ல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்திருக்கிறது. மன்னார் வளைகுடாப் பக்கம் பவளப்பாறை. ஒரு சிறகு பவளத்தில் மோதினால் சிறகுக்கு ஆகும் செலவைவிடப் பவளத்துக்கு ஆகும் காலம் பெரிது.

"இரண்டுக்கும் ஒரே பலகை கிடைக்காதா அண்ணா?" என்று கேட்கிறீர்கள். ஃபின்னும் மாட்டலாம், ஃபாயிலும் மாட்டலாம் என்று சொல்லி விற்கிறார்கள்தான். அதை வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. காரணத்தைச் சொல்கிறேன். சர்ஃப் போர்டு வேலை செய்வது அதன் அடிப்பாகம், ஓரம், வளைவு, ஃபின் எல்லாம் அலையைத் தொட்டுக்கொண்டே இருப்பதால். மெல்லிய ஓரம் அலைச்சுவரைப் பிடிக்கிறது, மூக்கின் வளைவு குத்தாமல் காக்கிறது. ஃபாயில் பலகை தண்ணீரைத் தொடுவது கிளம்பும்வரைதான். எழுந்தபின் அது நிற்க ஒரு மேடை மட்டும். அதற்குத் தடிமன் வேண்டும், வளையாத உறுதி வேண்டும், தட்டையான மேல்தளம் வேண்டும், தொட்டாலும் ஒட்டாமல் எழும்ப ஓரங்கள் சரிவாக வெட்டப்பட்டிருக்க வேண்டும். ஒன்றுக்கு நல்லது மற்றதற்குத் தடை. இரண்டையும் ஒரே பலகையில் திணித்தால் காலையிலும் குறை, மாலையிலும் குறை.

ஆனால் ஒரு பலகை உண்மையாகவே இரண்டுக்கும் உதவும். அது பல சர்ஃப் பள்ளிகளில் ஏற்கெனவே கிடக்கிறது: துடுப்புப் போட்டு நின்று செல்லும் பெரிய ஸ்டாண்ட்-அப் பலகை. அதன் நடுவே ஒரு ஃபின்னை மாட்டி, ஒரு விங்கை மட்டும் வாங்கி, ஃபாயில் இல்லாமலே விங்கைக் கையாளப் பழகிவிடலாம். நடு ஃபின் இல்லாவிட்டால் காற்று உங்களைப் பக்கவாட்டில் அடித்துக்கொண்டு போகும், அதனால் அதை மறக்காதீர்கள். ஒரு பருவம் முழுக்க இப்படிப் பழகியவர், ஃபாயிலில் ஏறும்போது பாதித் தூரம் கடந்திருப்பார். லட்சங்களைக் கொட்டுமுன், இந்த விளையாட்டு பிடிக்கிறதா என்று தெரிந்துகொள்ளவும் இதுவே மலிவான வழி.

இனி நான் இந்த மடலை எல்லோருக்கும் சேர்த்து எழுதியதன் காரணத்துக்கு வருகிறேன்.

ஒரு குப்பத்தில் ஆறு பேர் விங் ஃபாயில் தொடங்கினால் ஆறு செட் தேவையில்லை. ஆறு பேரும் ஒரே நேரத்தில் கடலுக்குள் போகப் போவதில்லை. கரையில் ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றாக வேண்டும், ஒருவர் விங்கைத் தூக்கிக் கொடுக்க வேண்டும். ஊருக்கு ஒரு கூட்டுச் செட் வையுங்கள். பலகை மூன்று: கற்பவர்களுக்கு 100 லிட்டரைத் தாண்டிய ஒன்று, நடுத்தரத்துக்கு ஒரு மிட்லெங்த், எடை குறைந்தவர்களுக்கு 80 லிட்டரில் ஒன்று. முன்சிறகு மூன்று, மாஸ்ட் இரண்டு, விங் மூன்று. இதற்கு மேல் சொந்தமாக வேண்டியவர் தனக்குச் சரிவந்த அளவு எது என்று தெரிந்தபின் வாங்கிக்கொள்ளட்டும்.

கூட்டாக வாங்கும்போது ஓர் ஒப்பந்தம் மிக முக்கியம்: கரை முழுக்க ஒரே கம்பெனியின் ஃபாயில். பலகையின் அடியிலுள்ள இரட்டைத் தடம் பெரும்பாலும் 90 மி.மீ. இடைவெளியில் கம்பெனிகளுக்குப் பொதுவாகிவிட்டது; பெரும்பாலான பலகைகளில் பெரும்பாலான மாஸ்டுகள் ஏறும். அதற்குக் கீழே அப்படியில்லை. ஒரு கம்பெனியின் முன்சிறகு மற்றதன் ஃப்யூசலாஜில், அதாவது சிறகுகளை மாஸ்டோடு இணைக்கும் தண்டில், உட்காராது, திருகாணிகூட வேறு. இங்கே ஒரு திருகாணி உடைந்தால் அது வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். எல்லோரும் ஒரே அமைப்பில் இருந்தால் மாமல்லபுரத்துச் சிறகு புதுச்சேரிக்கு உதவும், இராமேஸ்வரத்துச் சிறு விங்கும் கோவளத்துப் பெரிய விங்கும் பருவத்துக்குப் பருவம் கைமாறலாம். அவரவர் இஷ்டத்துக்கு அவரவர் கம்பெனி என்று போனால் இதெல்லாம் நடக்காது.

80 லிட்டர் பலகையை நான் பட்டியலில் தற்செயலாகச் சேர்க்கவில்லை. நம் தங்கைகள் பலர் 45, 50 கிலோ. ஆண்களுக்காக வாங்கிய பெரிய செட்டில் அவர்களை ஏற்றினால் என்ன ஆகும்? 1,500 சதுர செ.மீ. சிறகு அவர்களை மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்திலேயே தூக்கிவிடும். நிலைகொள்ளுமுன்பே எழுந்து, மேலே போய், சிறகு வெளியே வந்து, விழுவார்கள். 100 லிட்டர் பலகையைக் கரையில் தூக்கி நடப்பதே பாடு. அப்புறம் "பொண்ணுங்களுக்கு இது வராது" என்று ஒருவர் சொல்வார். வராததற்குக் காரணம் பலகை. 45 கிலோவுக்கு 80 லிட்டரும் 1,200 சிறகும் 4 சதுர மீட்டர் விங்கும் கொடுத்துப் பாருங்கள். இந்த விளையாட்டு எடை குறைந்தவர்களுக்குக் கருணை காட்டுவது; நம் தங்கைகள் உங்களுக்கு முன்னால் 10 நாட் காற்றில் எழுந்துவிடுவார்கள். எந்த ஊர்ச் செட்டிலும் அவர்கள் அளவு இல்லாமல் இருக்கக்கூடாது. இதை ஒரு சலுகையாக நினைக்காமல் முதல் கொள்முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

பழைய பலகை வாங்குவதைப் பற்றியும் பழுதுபார்ப்பதைப் பற்றியும் கொஞ்சம். மாஸ்ட் உட்காரும் தடத்தைச் சுற்றி விரல் வைத்து அழுத்திப் பாருங்கள். மெத்தென்று இருந்தாலும், கீறல் ஓடினாலும் வேண்டாம். உள்ளே தண்ணீர் போயிருக்கும். பலகையைத் தூக்கி நிறுத்துப் பாருங்கள். கம்பெனி சொன்ன எடையைவிட ஒரு கிலோ கூடினால் அது கடல்நீர். அலுமினிய மாஸ்டில் துருப்பிடிக்காத எஃகுத் திருகாணி இருந்தால், உப்புநீரில் அலுமினியம் அரிபட்டு இரண்டும் இறுகிவிடும். கடலிலிருந்து வந்ததும் கழற்றி, நல்ல தண்ணீரில் அலசி, கிரீஸ் தடவி வையுங்கள்.

இன்னொன்று, நம் கரைக்கே உரிய ஆபத்து. ஒவ்வொரு குப்பத்திலும் ஃபைபர் படகு ஒட்டும் கைதேர்ந்த ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் கையிலிருப்பது பாலியெஸ்டர் ரெசின். பாலியூரித்தேன் நுரை கொண்ட பழைய மாதிரி சர்ஃப் போர்டுக்கு அது ஒத்துவரும். ஆனால் பெரும்பாலான ஃபாயில் பலகைகளுக்கும் இப்போது வரும் பல சர்ஃப் போர்டுகளுக்கும் உள்ளே இருப்பது தெர்மாகோல் வகை நுரை. அந்த ரெசின் பட்டவுடன் நுரை கரைந்து உள்ளே குழி விழுந்துவிடும். அவற்றுக்கு இப்பாக்ஸி மட்டும்தான். படகு ஒட்டும் அண்ணன்மாருக்கு இப்பாக்ஸி வாங்கிக் கொடுத்துப் பழக்குங்கள். மணல்தாள் பிடிப்பதிலும் துணி படிய வைப்பதிலும் அவர்களுக்கு நாம் சொல்லித்தர ஒன்றுமில்லை. கரைக்கு ஒரு பழுதுபார்ப்பவர் உருவானால் பலகைகளின் ஆயுள் கூடும், ஒரு வீட்டில் வருமானமும் கூடும்.

கடைசியாக உயிரைப் பற்றி. சித்திரை வெயிலில் காலைக் காற்று தரையிலிருந்து கடலுக்குப் போகும்போதும், ஆனி ஆடியில் கச்சான் என்னும் மேல்காற்று வலுத்து வீசும்போதும் கிழக்குக் கரையில் விங் தூக்காதீர்கள். சர்ஃபுக்கு அருமையான அதே காற்று விங்கோடு போனவரை வங்கக் கடலுக்குள் கொண்டுபோய்விடும். காற்று கரைக்கு இணையாகவோ கரையை நோக்கிச் சாய்வாகவோ வீசினால் மட்டும் இறங்குங்கள். இராமேஸ்வரத்தில் அந்தப் பருவத்தின் காற்றுக்குத் தீவின் எந்தப் பக்கம் சரி என்று பார்த்து இறங்குங்கள். கடல் எல்லை பக்கத்தில் இருக்கிறது என்பதும் நினைவில் இருக்கட்டும். ஃபாயிலின் ஓரம் கத்தி. தலைக்கவசம், மிதவைச் சட்டை, லீஷ் இல்லாமல் ஒருவரும் போக வேண்டாம். சர்ஃப் பண்ணுகிறவர்கள், குளிக்கிறவர்கள் நடுவே ஃபாயிலைக் கொண்டுபோக வேண்டாம். வலை போட்டிருக்கும் மிதவைகளைப் பார்த்து விலகுங்கள். ஒரு மாஸ்ட் வலையில் சிக்கினால் அறுபடுவது உங்கள் பெரியப்பாவின் வலை.

நான் கேட்பது மூன்றுதான். பணத்தைக் கொடுக்குமுன் ஒரு பருவம் முழுக்கக் குறிப்பு எழுதுங்கள்: தேதி, காலை அலை எவ்வளவு, மாலைக் காற்று எத்தனை நாட், எந்தத் திசை. ஒவ்வொரு கரையிலும் ஒருவர் இந்த வேலையை ஏற்கட்டும். இரண்டாவது, பருவ முடிவில் ஐந்து கரைக்காரர்களும் ஓரிடத்தில் உட்கார்ந்து அந்தக் குறிப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, ஒரே ஃபாயில் அமைப்பை முடிவு செய்யுங்கள். மூன்றாவது, அந்தக் கூட்டத்தில் தங்கைகள் இருக்க வேண்டும், அவர்களுடைய எடையும் கணக்கில் இருக்க வேண்டும். கூட்டம் நடத்த இடமும் சாப்பாடும் என் பொறுப்பு. குறிப்பு நோட்டோடு வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்